குழந்தைகளின் பெயரால்

போன கோடை விடுமுறையில் என் தங்கைக்கும் எனக்கும் ஒரு சண்டை. சொத்துத் தகராறோ சம்பந்தி விவகாரமோ அல்ல. ஒரு சினிமாப் படம். அதுவும் நேற்று வந்த படம் அல்ல. 1985-ல் அமெரிக்காவில் வெளியாகி, போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பாமல் படுத்துவிட்ட படம். பெயர் 'ரிட்டர்ன் டு ஓஸ்'.

தங்கையின் பெண்ணுக்கு எட்டு வயது, பையனுக்கு ஐந்து. ஜூடி கார்லண்ட் நடித்த பழைய 'விஸர்ட் ஆஃப் ஓஸ்' படத்தை அதற்கு முந்தைய விடுமுறையிலேயே மூன்று தடவை பார்த்து, தகர மனிதன் மாதிரியும் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரியும் நடந்து காட்டி வீட்டை இரண்டுபடுத்தியவர்கள். "அப்புறம் டாரதி என்ன ஆனாள் மாமா?" என்ற கேள்வி ஓர் ஆண்டாக என் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக இந்தப் படத்தை டெலிவிஷனில் போட்டேன்.

படம் ஆரம்பித்து அரை மணிகூட ஆகியிராது. சின்னப் பெண் டாரதியைச் சக்கரக் கட்டிலில் படுக்கவைத்து, வாரால் கட்டி, ஒரு மின்சார யந்திரத்தின் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வெளியே இடி, மழை. தங்கை கையில் கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி திரை இருண்டுவிட்டது.

"என்னண்ணா இது, குழந்தைங்களுக்குப் போடற படமா? ராத்திரி தூங்குவாங்களா இவங்க?"

பையன் தலையணைக்குப் பின்னால் ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டு உட்கார்ந்திருந்தான். பெண் ஒன்றுதான் கேட்டாள்: "மாமா, அவ தப்பிச்சிடுவாளா, மாட்டாளா?"

"பேசாம போய்ப் படு" என்றாள் தாய்.

குழந்தைகள் போன பிறகு விசாரணை ஆரம்பித்தது. தங்கை படித்தவள்; ஆதாரம் இல்லாமல் பேசமாட்டாள். இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எழுதி வைத்ததையெல்லாம் தேடிப் பிடித்து எனக்குப் படித்துக் காட்டினாள். பாட்டே இல்லை என்றது ஒரு கட்சி. பழைய படத்தின் வர்ணங்களும் சந்தோஷமும் எங்கே போயின என்றது இன்னொன்று. எல்லாவற்றையும்விடப் பெரிய கட்சி சொன்னது: குழந்தைகளுக்கு இது ஆகாது, பயந்துவிடுவார்கள். 1985-ல் அமெரிக்கப் பத்திரிகை விமரிசகர்களில் பெரும்பாலோரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். "இத்தனை பேர் சொல்றாங்களே, எல்லாரும் முட்டாளா?" என்று கேட்டாள் தங்கை.

முட்டாள்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்றாவது கட்சியிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அதற்குமுன் மற்ற இரண்டையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

பாட்டு இல்லை, பழைய படம் மாதிரி இல்லை என்கிறார்கள். வாஸ்தவம். பழைய படம் 1939-ல் எம்.ஜி.எம். எடுத்தது. அதற்கு 39 ஆண்டுகளுக்கு முன்பே, 1900-ல், கதை புத்தகமாக வந்துவிட்டது. எழுதியவர் எல். ஃபிராங்க் பாம். புத்தகத்தில் டாரதியின் காலணி வெள்ளி. வர்ணப் படத்தில் வெள்ளி எடுபடாது என்று அதைச் சிவப்புக் கெம்பாக மாற்றினார்கள் சினிமாக்காரர்கள். புத்தகத்து டாரதி சிறு குழந்தை. படத்தில் நடித்த ஜூடி கார்லண்டுக்கு அப்போது 16 வயது. 1985-ல் வால்ட்டர் மர்ச் என்ற டைரக்டர் டிஸ்னிக்காகத் தொடர்ச்சி எடுத்தபோது, பழைய படத்தை விட்டுவிட்டு, பாம் எழுதிய அடுத்த இரண்டு புத்தகங்களுக்குப் போனார். 1904-ல் வந்தது ஒன்று, 1907-ல் வந்தது மற்றொன்று. அவர் தேர்ந்தெடுத்த ஃபெய்ரூஸா பால்க் என்ற பெண்ணுக்குப் பத்து வயதுதான் இருக்கும். முகத்தைப் பார்த்தால் அசல் புத்தகத்துச் சித்திரத்திலிருந்து இறங்கி வந்தது மாதிரி இருக்கிறது. ஆக, மூலத்துக்குக் கிட்டப் போனவரைத்தான் 'மூலத்தைக் கெடுத்துவிட்டார்' என்று சொல்கிறார்கள். ஜனங்களுக்குப் படம்தான் மூலம். புத்தகம் யாருக்கு வேண்டும்? மர்ச்சுக்கும் இது தெரிந்திருக்கிறது. அந்தச் சிவப்புக் காலணியை மட்டும் விட அவருக்குத் தைரியம் வரவில்லை. அதைப் பயன்படுத்திக்கொள்ள எம்.ஜி.எம்முக்குப் பணம் கட்டினார்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்றுக்கு வாடகை!

இன்னொன்று. எல்லோரும் இன்று தலையில் வைத்துக் கொண்டாடும் அந்த 1939-ம் வருஷத்துப் படம் முதல் சுற்றில் லாபம் காட்டவில்லை. 1949-ல் திரும்ப வெளியிட்ட பிறகுதான் கணக்கு நேரானது. 1956-ல் டெலிவிஷனில் காட்டினார்கள். 1959 முதல் ஆண்டுக்கு ஒரு தடவை, நம் வீடுகளில் பண்டிகை வருவது மாதிரி, வந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் ஒரு தலைமுறை முழுவதும் தாய் மடியில் உட்கார்ந்து அதைப் பார்த்தது. அந்த மடியின் சூட்டையும் சேர்த்துத்தான் 1985-ல் கொட்டகையில் தேடினார்கள். எந்த டைரக்டரால் கொடுக்க முடியும்?

படத்தில் குறையே இல்லை என்று நான் வாதாடவரவில்லை. ஓஸ் தேசத்துக்குப் போன பிறகு டாரதிக்குக் கிடைக்கும் நண்பர்களில் பூசணித் தலையன் எனக்குச் சலிப்புத் தந்தான். நடுவில் கதை நொண்டுகிறது. 'எனக்குப் பிடிக்கவில்லை, தூக்கம் வந்தது' என்று ஒருவர் சொன்னால் அவரோடு எனக்குத் தகராறு கிடையாது. டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர் தாராளமாகச் சொல்லலாம்.

என் வழக்கு வேறு. தமக்குப் பிடிக்காததை, தமக்குப் பயமாக இருந்ததை, 'குழந்தைகளுக்கு ஆகாது' என்று சொல்கிறார்களே, அவர்களோடுதான். குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசுவது என்ன நியாயம்?

அவர்கள் பக்கத்தில் வலுவான சாட்சி ஒன்று உண்டு. சாட்சாத் பாம் அவர்களேதான். முதல் புத்தகத்தின் முன்னுரையில், பழைய தேவதைக் கதைகளில் உள்ள துயரங்களையும் பயங்கரக் கனவுகளையும் விலக்கிவிட்டு, ஆச்சரியத்தையும் ஆனந்தத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் முன்னுரையைத் தாண்டிப் புத்தகத்துக்குள் போய்ப் பாருங்கள். சூனியக்காரி 40 ஓநாய்களை ஏவுகிறாள். தகர மனிதன் கோடரியால் ஒவ்வொன்றாக 40 தலையையும் வெட்டிக் குவிக்கிறான். 40 காக்கைகள் வருகின்றன. சோளக்கொல்லைப் பொம்மை 40 கழுத்தையும் திருகிப் போடுகிறது. அந்தத் தகர மனிதனே ஒரு காலத்தில் சதையும் ரத்தமுமாக இருந்தவன்தான். சூனியம் வைத்த கோடரி கால், கை, தலை என்று ஒவ்வொன்றாக வெட்ட வெட்ட, தட்டான் தகரத்தில் செய்து மாட்டினான். இதையெல்லாம் 1939-ம் வருஷத்துப் படம் சௌகரியமாக விட்டுவிட்டது. கதை எழுதுகிறவன் முன்னுரையில் என்ன சத்தியம் செய்தாலும், கதை ஓடத் தொடங்கிய பிறகு பேனா அதைக் கேட்பதில்லை. இருபது வருஷமாக எழுதுகிறேன், எனக்குத் தெரியும்.

அந்தக் காலத்துக் குழந்தைகள் என்ன செய்தார்கள்? பயந்து ஓடிவிட்டார்களா? ஆயிரம் சிறுமிகள் ஆயிரம் கடிதம் எழுதினால் தொடர்ச்சி எழுதுகிறேன் என்று, தம்மைத் தேடி வந்த ஒரு சிறுமியிடம் வாக்குக் கொடுத்ததாகவும், கடிதங்கள் வந்து சேர்ந்ததாகவும் பாம் தமது இரண்டாவது புத்தகத்தின் முன்னுரையில் சொல்கிறார். அந்தப் புத்தகத்தில் அவர் டாரதியைச் சேர்க்கவில்லை. மேடை நாடகமாக்கும் உத்தேசத்தோடு எழுதியது. இரண்டு நகைச்சுவை நடிகர்களுக்குச் சமர்ப்பணம் வேறு. அடுத்த ஆண்டே நாடகமாகி, அதுவும் படுத்தது. குழந்தைகள் விடவில்லை. டாரதி எங்கே, சிங்கம் எங்கே என்று கேட்டார்கள். மூன்றாவது புத்தகத்தில் இருவரையும் கொண்டுவந்தார். 1910-ல் ஆறாவது புத்தகத்தோடு, ஓஸ் தேசமே யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைந்துவிட்டது, இனிச் செய்தி கிடைக்காது என்று கதவைச் சாத்திப் பார்த்தார். அதுவும் நடக்கவில்லை. கையில் காசும் இல்லை, குழந்தைகளும் சும்மா இருக்கவில்லை. 1913-ல் ஏழாவது புத்தகம் வந்தது. 1919-ல் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார், மொத்தம் 14. குழந்தைகள் கேட்டவை என்று அவர் முன்னுரைகளில் சொல்வதெல்லாம், அவன் எங்கே, இவள் என்ன ஆனாள், இன்னும் சொல்லுங்கள் என்ற வகைதான். 'தாத்தா, எங்களைப் பயமுறுத்தாதீர்கள்' என்ற விண்ணப்பம் என் கண்ணில் படவில்லை.

இந்த இடத்தில் என் சொந்தக் குப்பையையும் கொஞ்சம் கிளறவேண்டியிருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை வந்தது. எந்தப் பத்திரிகை என்று கேட்காதீர்கள். கதாநாயகியின் தம்பி, பதினொரு வயதுப் பையன், பதினெட்டாவது அத்தியாயத்தில் ஜுரத்தில் இறந்துபோனான். கடிதங்கள் வந்தன. மூட்டை என்று சொல்லமாட்டேன். ஒரு பை நிறைய வந்தன. அவற்றில் ஒரு விசித்திரம். 'என் மனைவி சாப்பிடவில்லை', 'என் தாயாருக்கு இதயம் பலவீனம், இப்படி எழுதலாமா?', 'பள்ளிக்கூடம் போகும் பெண்கள் படிக்கிற கதையல்லவா?' எல்லாக் கடிதமும் இந்த ரகம்தான். 'நான் அழுதேன்' என்று எழுதியவர் ஒருவர்கூட இல்லை. ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டாம் பாகத்தில் அந்தப் பையன் சாகவில்லை என்று ஆயிற்று. ஆஸ்பத்திரியில் ஆள் மாறாட்டம்! எப்படி எழுதினேன் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. சந்தா ஏறியது, எனக்கும் சன்மானம் ஏறியது.

சில வருஷம் கழித்து ஒரு புத்தகக் கண்காட்சியில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். அந்தக் கதையைப் பன்னிரண்டு வயதில் படித்தாளாம். "எங்க தம்பி போன வருஷம் அது. உங்க கதையிலயும் தம்பி செத்துப்போனான். படிச்சுட்டு அழுதேன் சார். அப்புறம் நீங்க அவனை எழுப்பிட்டீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கையெழுத்துக்கூட வாங்கிக்கொண்டுதான் போனாள். பள்ளிக்கூடத்துப் பெண்கள் தாங்கமாட்டார்கள் என்று யாருக்காகக் கதையை மாற்றினேனோ, அந்தப் பெண் இவள்தான்.

அதனால்தான் எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு ஆத்திரம். இப்போது படத்துக்கு வருகிறேன்.

சூறாவளியில் வீடு போய் ஆறு மாதம். கான்ஸாஸில் ஹென்றி மாமா புதிதாகக் கட்டும் வீடு பாதியில் நிற்கிறது. டாரதிக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. ஓஸ், தகர மனிதன், பேசும் பொம்மை என்றே பேசுகிறாள். எம் அத்தைக்குக் கவலை. கெட்டவள் அல்ல அவள். குழந்தையின் மேல் உயிரையே வைத்திருக்கிறவள். கையில் இல்லாத பணத்தைத் திரட்டிக்கொண்டு டாக்டரிடம் அழைத்துப் போகிறாள். கதை நடப்பது 1899-ல். மின்சாரத்தால் சகல நோயும் தீரும் என்று ஜனங்கள் நம்பிய காலம். டாக்டர் இனிமையாகப் பேசுகிறார். யந்திரத்தில் கண், மூக்கு, வாய் எல்லாம் இருக்கிறது பார் என்று குழந்தைக்குக் காட்டுகிறார். வேண்டாத நினைவுகளை மின்சாரம் கொண்டுபோய்விடும். குழந்தை நிம்மதியாகத் தூங்குவாள்.

பழைய படத்தின் முடிவை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். டாரதி கட்டிலில் கண் விழிக்கிறாள். சுற்றிலும் பெரியவர்கள். நீ கண்டது கனவு என்கிறார்கள். இல்லை, நிஜமாகவே போனேன் என்கிறாள். அன்போடு சிரிக்கிறார்கள். நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறோம். புத்தகத்தில் கனவு என்ற பேச்சே கிடையாது. ஓஸ் என்று ஒரு தேசம் இருக்கிறது. குழந்தை போனாள், வந்தாள். அவள் கதையைக் கேட்டுச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அத்தையும் மாமாவும்கூட, அடமானக் கடன் கட்ட முடியாமல் நிலம் போகும் நிலை வந்தபோது, ஆறாவது புத்தகத்தில் அந்தத் தேசத்துக்கே குடியேறிவிடுகிறார்கள். சினிமாதான் அதைக் கனவாக்கியது. மர்ச் கேட்ட கேள்வி இதுதான்: சரி, ஐயா, கனவு என்று சொல்லிவிட்டீர்கள், குழந்தை ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன செய்வீர்கள்? அந்தச் சக்கரக் கட்டில் அங்கிருந்துதான் வருகிறது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவரே சேர்த்தது. ஆனாலும் 14 புத்தகத்தையும் எழுதியவர் ஆட்சேபித்திருக்கமாட்டார் என்று எனக்குப் படுகிறது.

'குழந்தைக்கு ஆகாது' என்று எழுதிய பெரியவர்களுக்கு அந்தக் காட்சி ஏன் அவ்வளவு உறுத்தியது? தலையை மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளும் ராணி வருகிறாள்; கை கால்களில் சக்கரம் முளைத்தவர்கள் கிறீச்சிட்டுக்கொண்டு துரத்துகிறார்கள்; மலையே முகமாகிப் பேசுகிறது. நம் பாட்டிமார் சொன்ன ஏழு கடல் தாண்டிய ராட்சசன் கதையில் இல்லாத எதுவும் இவற்றில் இல்லை. குழந்தைகள் இவற்றைத் தாங்குவார்கள். பெரியவர்களுக்குத் தாங்க முடியாதது வேறு. அந்தப் படத்தில் மிகவும் பயங்கரமான காரியத்தைச் செய்வது ராட்சசன் அல்ல, நல்லெண்ணம் கொண்ட ஒரு அத்தை. கட்டிலில் கட்டப்பட்ட பெண்ணைப் பார்த்துக் குழந்தை பயப்படுகிறது. அவளை அங்கே கொண்டுபோய் விட்ட அத்தையைப் பார்த்து நாம் பயப்படுகிறோம்.

இப்போது, அந்தப் படத்தைச் சிறு வயதில் காஸெட்டில் பார்த்தவர்கள் வளர்ந்து என் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் பலர் அதைப் பொக்கிஷம் என்கிறார்கள். சிலர் ஒரு படி மேலே போய், 'எங்கள் காலத்துக் குழந்தைகள் தைரியசாலிகள், இப்போதுள்ளவை தொட்டால் சுருங்கிகள்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதையும் நான் ஏற்கமாட்டேன். இதுவும் குழந்தையின் பெயரால் தன்னைப் பற்றிப் பேசுகிற பேச்சுத்தான். மர்ச் பாவம், அதற்குப் பிறகு இன்னொரு கதைப்படம் டைரக்ட் செய்யவே இல்லை. படத்தொகுப்பிலும் ஒலி அமைப்பிலும் உலகம் மெச்சும் நிபுணர். 'அபோகாலிப்ஸ் நௌ' படத்தின் ஒலிக்காக ஆஸ்கார் பரிசு பெற்றவர். டைரக்டராக அந்த ஒரே படத்தோடு சரி. இந்தப் பாராட்டெல்லாம் இருபது முப்பது வருஷம் முந்தி வந்திருந்தால் அவருக்குப் பிரயோஜனப்பட்டிருக்கும்.

சண்டை நடந்த ராத்திரி என்ன நடந்தது என்பதைச் சொல்லவேண்டும். ஐந்து வயதுப் பையன் படுத்தவுடன் தூங்கிவிட்டான். பெண் தூங்கவில்லை. பதினொரு மணிக்கு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, அந்த அக்காவைக் கட்டிலிலேயே விட்டுட்டோமே."

படத்தை நிறுத்தினால் பயமும் நின்றுவிடும் என்று தங்கை நினைத்தாள். நின்றது படம்தான். இடி இடித்துக்கொண்டே இருந்தது. வார் கட்டியபடியே இருந்தது. இன்னும் மூன்று நிமிஷம் விட்டிருந்தால் மின்சாரம் அணைந்திருக்கும், இன்னொரு சிறுமி வந்து கட்டை அவிழ்த்திருப்பாள், இருவரும் மழையில் ஓடி ஆற்றில் குதித்திருப்பார்கள். இதை அவளுக்கு வாயால் சொன்னேன். "ஆத்துல குதிச்சா முழுகிடமாட்டாளா?" என்றாள். மரப்பெட்டி ஒன்று மிதந்து வரும் என்றேன். பிறகுதான் தூங்கினாள்.

மறுநாள் தங்கையும் கூட உட்கார்ந்தாள். முழுப் படத்தையும் பார்த்தோம். கடைசியில் டாரதி வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். கண்ணாடியில் ஓஸ் தேசத்து இளவரசி தெரிகிறாள். டாரதி சந்தோஷம் தாங்காமல் அத்தையைக் கூப்பிட வாய் திறக்கிறாள். இளவரசி உதட்டின் மேல் விரல் வைக்கிறாள். அத்தை உள்ளே வந்து என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுகிறாள் குழந்தை. என் தங்கை அந்த இடத்தில் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணுக்குப் பாமின் மூன்றாவது புத்தகத்தை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து டெலிபோனில் கூப்பிட்டாள். குரலில் கோபம்.

"மாமா, அந்தப் படத்துல ஏமாத்திட்டாங்க."

நான் தயாரானேன். பாட்டு இல்லை என்பாளோ, இருட்டு என்பாளோ?

"நோம் ராஜா எல்லாரையும் பொம்மையா மாத்தி வெச்சிடறானில்ல? புத்தகத்துல கோழிதான் சிம்மாசனத்துக்கு அடியில ஒளிஞ்சு கேட்டு, எந்தக் கலர் பொம்மைன்னு தெரிஞ்சுக்கிட்டு, மீதி எல்லாரையும் காப்பாத்துது. படத்துல டாரதி கண்டுபிடிச்ச மாதிரி காட்டிட்டாங்க. கோழி என்ன மாமா தப்பு பண்ணிச்சு?"

புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.